பிட்ச் மாற்றிய லூப்பின் மேல் ஓவர்டப்: சாம்ப்ளரோடு மேடையேறுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லூப் பெடலில் ஒரு வரி வாசித்து, அது சுற்றச் சுற்ற மேலே இன்னொன்று சேர்ப்பது இன்று பலருக்கும் கைவந்த வேலை. அதே வரியை ஓர் ஆக்டேவ் இறக்கி பேஸாக்குவது, பஞ்சமத்துக்கு ஏற்றி எதிர்ப்பாட்டாக்குவது, அந்தக் கலவையின் மேல் மறுபடி வாசித்துப் பதிவது என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. லூப்பின் நீளம் மாறிவிடும். தாளம் கொஞ்சம் கொஞ்சமாக விலகும். மூன்றாவது லேயருக்கு வருவதற்குள் எது எங்கே ஒலிக்கிறது என்றே தெரியாமல் போகும்.

சாம்ப்ளர் (ஒலியைப் பதிந்து, பேட் எனும் பொத்தான்களைத் தட்டி ஒலிக்கவைக்கும் கருவி) வாங்கி வீட்டில் தட்டிப் பார்த்தாயிற்று, இனி ஆட்கள் முன்னால் செய்ய வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கீழே வரும் எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே விதிதான் இருக்கிறது: முதலில் பதிந்த லூப்பில் கை வைக்காதீர்கள். பிட்ச் மாற்றுவது அதன் நகலில். ஓவர்டப் (ஓடும் லூப்பின் மேல் புதிதாக வாசித்துப் பதிவது) செய்வது புதிய பேடில். மேடையில் எது சொதப்பினாலும் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். முதல் லூப்தான் அந்த இடம்.

## கருவியில் பார்க்க வேண்டியவை

எந்த மாடல் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. எஸ்பி-404 வரிசையோ, எம்பிசியோ, ஆக்டாட்ராக்கோ, கையேட்டைத் திறந்து சில கேள்விகளுக்கு மட்டும் பதில் தேடுங்கள். பேடுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியிலிருந்து வரும் ஒலியைப் பதிய முடியுமா? பதிவு, தாளத்தோடு ஒட்டித் தொடங்கி ஒட்டி முடியுமா? ஒவ்வொரு பேடுக்கும் தனித்தனியாக பிட்ச் வைக்கலாமா, அதை சென்ட் (அரைச் சுரத்தில், அதாவது செமிடோனில், நூறில் ஒரு பங்கு) அளவுக்கு நுணுக்கலாமா? பேடுகளின் ஒலியைக் கருவிக்குள்ளேயே மறுபடி பதியும் ரீசாம்ப்ளிங் உண்டா? டைம் ஸ்ட்ரெட்ச் (நீளத்தையும் பிட்சையும் தனித்தனியாக மாற்றும் வசதி) இருந்தால், அதை ஒவ்வொரு பேடிலும் நிறுத்தி வைக்க முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. சில கருவிகள் பதிந்த உடனே ஸ்ட்ரெட்ச்சை தாமாகவே போட்டுவிடும். பிட்ச் மாற்றியும் நீளம் மாறவில்லையே என்று குழம்புவதற்கு அதுதான் காரணம்.

இன்புட்டையும் கவனியுங்கள். சில சாம்ப்ளர்களில் லைன் லெவல் இன்புட் மட்டும்தான் இருக்கும். எலக்ட்ரிக் கிட்டாரையோ மைக்கையோ அதில் நேராகச் செருகினால் சன்னமாக, மங்கலாகக் கேட்கும். நடுவில் சிக்னலை வலுப்படுத்த ஒரு ப்ரீஆம்ப்போ சிறிய மிக்சரோ வேண்டும். இரண்டு கையும் வாத்தியத்தில் இருக்கும் என்றால் ஃபுட்ஸ்விட்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

## பிட்சை மாற்றினால் நீளமும் மாறும்

ஸ்ட்ரெட்ச் இல்லாமல் பிட்சை ஏற்றுவது என்றால் லூப்பை வேகமாக ஓட்டுவது என்று பொருள். ஒரு செமிடோன் ஏற்றினால் வேகம் சுமார் 1.0595 மடங்கு ஆகும். 12 செமிடோன் ஏற்றினால் சரியாக இரண்டு மடங்கு. லூப் பாதி நேரத்தில் முடிந்துவிடும். 12 இறக்கினால் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

கணக்குக்கு எளிதாக ஒரு வேகத்தை எடுத்துக்கொள்வோம். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 அடி) என்றால் ஓர் அடி 0.625 விநாடி. நாலடித் தாளத்தில் நான்கு பார், அதாவது 16 அடி, சரியாக 10 விநாடி. இதுதான் நம் மூல லூப்.

இதை 12 ஏற்றினால் 5 விநாடி. மூல லூப் ஒருமுறை சுற்றுவதற்குள் இது இருமுறை சுற்றும். 12 இறக்கினால் 20 விநாடி. இரண்டுமே தாளத்தோடு ஒட்டிக்கொள்ளும், தொந்தரவே இல்லை.

7 ஏற்றினால்தான் விஷயம் சுவையாகிறது. வேகம் 1.4983 மடங்கு. ஏறத்தாழ ஒன்றரை. மூல லூப் இரண்டு சுற்றும் நேரத்தில் இது மூன்று சுற்றும். 96 பிபிஎம்மின் மேல் 144 பிபிஎம் ஓடுவது போல மூன்றுக்கு இரண்டு என்ற குறுக்குத் தாளம் பிறக்கும். ஆனால் ‘ஏறத்தாழ’ என்ற சொல்லில்தான் வம்பு இருக்கிறது. 10 விநாடி லூப் 6.667 விநாடி ஆவதற்குப் பதில் 6.674 ஆகிறது. மூன்று சுற்று முடியும்போது 22 மில்லிவிநாடிக்கு மேல் பின்தங்கியிருக்கும். மூன்று நிமிடம் ஓடவிட்டால் 0.2 விநாடி, கிட்டத்தட்ட அடியில் மூன்றில் ஒரு பங்கு. கேட்பவர்களுக்கு வாசிப்பவர் தாளம் தவறியதாகவே தோன்றும்.

இதைச் சரிக்கட்ட இரண்டு வழி உண்டு. 7 செமிடோனோடு 2 சென்ட் சேர்த்து வையுங்கள். விகிதம் கிட்டத்தட்ட சரியாக ஒன்றரைக்கு வந்துவிடும். பிட்சில் வரும் வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது. கேட்டால் இன்னும் சுத்தமான பஞ்சமமாகத்தான் இருக்கும். இரண்டாவது வழி, லூப்பைத் தானாகச் சுற்றவிடாமல் சீக்வென்சரை (பேடுகளைக் குறித்த நேரத்தில் தானாகத் தட்டும் பகுதி) வைத்து 20 விநாடிக்கு ஒருமுறை முதலிலிருந்து தட்டவைப்பது. நான் இரண்டையும் சேர்த்தே செய்வேன். நீண்ட நேரம் ஓடினால் 2 சென்ட்டும் மிச்சம் வைக்கும். சீக்வென்சர் அந்த மிச்சத்தைத் துடைத்துவிடும்.

5 இறக்குவதும் இதே குடும்பம்தான். முக்கால் வேகம், நீளம் 13.35 விநாடி. இதுவும் பின்தங்கும் ரகம்தான், எனவே இங்கும் 2 சென்ட் மேல்நோக்கித்தான் கூட்ட வேண்டும். மூல லூப்போடு மறுபடி சேர 40 விநாடி ஆகும் என்பதால் தொடக்கக்காரர்களுக்கு இதை நான் சொல்வதில்லை.

ஸ்ட்ரெட்ச் போட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே என்று கேட்கலாம். வேண்டாம்தான். நீளம் மாறாது, பிட்ச் மட்டும் மாறும். அதற்குக் கொடுக்கும் விலை ஒலியில் தெரியும். மிருதங்கத்தின் ‘தி’, கிட்டார் கம்பியைக் கிள்ளும் முனை போன்ற கூர்மையான தொடக்கங்கள் மழுங்கும், சில வேளை இரட்டையாகக் கேட்கும். நீண்ட சுரங்களுக்கும் மெல்ல எழுந்து நீளும் ஒலிகளுக்கும் ஸ்ட்ரெட்ச் பரவாயில்லை. தாள வாத்தியத்துக்கு வேண்டவே வேண்டாம்.

## எத்தனை செமிடோன்?

மேடையில் குமிழியைத் திருப்பித் திருப்பித் தேடக் கூடாது. கிளம்பும் முன்பே இரண்டு மூன்று இடைவெளிகளை முடிவு செய்துவிடுங்கள். எவை என்பது நீங்கள் வாசிக்கும் சுரங்களைப் பொறுத்தது.

சாம்ப்ளருக்கு ராகம் தெரியாது, ஸ்கேல் தெரியாது. 4 செமிடோன் ஏற்றச் சொன்னால் எல்லாச் சுரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு 4 ஏற்றும். மோகனத்தின் ச ரி க ப த என்ற ஐந்து சுரங்களில் ஒரு வரி பதிந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதை 7 ஏற்றினால் கிடைப்பது ப த நி ரி க. எல்லாமே சங்கராபரணத்துக்குள் அடங்கும். 5 ஏற்றினால் ம ப த ச ரி. இதுவும் அடங்கும். அதே வரியை 4 ஏற்றிப் பாருங்கள்: சட்ஜம் காந்தாரமாகும், பஞ்சமம் காகலி நிஷாதமாகும், அதுவரை சரி. ஆனால் ரிஷபம் பிரதி மத்யமத்தில் போய் உட்காரும், காந்தாரம் சுத்த தைவதத்தில், தைவதம் சுத்த ரிஷபத்தில். மூல லூப் கீழே ஓடிக்கொண்டிருக்க, மேலே இந்த மூன்றும் ஒலித்தால் வேண்டுமென்றே உரசவிட்டது போலிருக்கும். உரசல்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள், தெரிந்து செய்யுங்கள்.

ஐந்து சுர வரிகள் இந்த வேலைக்கு அவ்வளவு தோதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். சங்கராபரணத்தின் ஏழு சுரமும் வரும் வரியை 7 ஏற்றினால் ஒரு சுரம் மட்டும் வெளியே போகும்: நிஷாதம் பிரதி மத்யமமாகிவிடும். அந்த ஒரு சுரத்தைத் தவிர்த்து வாசித்தால் பிரச்சினை முடிந்தது.

கமகத்தையும் நினைவில் வையுங்கள். விநாடிக்கு ஐந்துமுறை அசையும் சுரம் ஓர் ஆக்டேவ் ஏறினால் பத்துமுறை அசையும், நடுக்கமாகத்தான் கேட்கும். ஏற்றப்போகும் வரியை நிதானமாக, சுரத்தை நிறுத்தி வாசியுங்கள். இறக்கப்போகும் வரியில் கொஞ்சம் துரிதம் இருக்கலாம்.

குரல் தனி ரகம். ஸ்ட்ரெட்ச் இல்லாமல் 12 ஏற்றினால் கார்ட்டூன் குரலாகும், 5 இறக்கினாலே ராட்சசன் வந்துவிடுவான். அது தெரிந்த கதை. தெரியாதது ச, ஷ போன்ற சீறல் ஒலிகள் செய்யும் வேலை. அவற்றின் பலம் பெரும்பாலும் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். 12 இறக்கும்போது அது 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸுக்கு வந்து விழும். மனிதக் காது அதிகக் கூர்மையோடு கேட்கும் இடமே அதுதான். எனவே இறக்கப்போகும் குரல் வரியைச் சொற்கள் இல்லாமல் அகாரமாகப் பாடுங்கள், அல்லது மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிப் பாடுங்கள்.

## படிப்படியாக

1. வெற்று ப்ராஜெக்ட். 96 பிபிஎம், 16 அடி என்ற அளவுகளை முன்பே வைத்து, நான்கு பேடுகளை ஒதுக்கிச் சேமித்துவிடுங்கள். முதல் பேட் மூலம், இரண்டாவது 12 இறக்கியது, மூன்றாவது 7 செமிடோன் 2 சென்ட் ஏற்றியது, நான்காவது காலி. பிட்ச் எண்கள் முன்கூட்டியே பேடில் இருக்க வேண்டும். மேடையில் நீங்கள் செய்வது பதிவதும் நகலெடுப்பதும் மட்டும்தான்.

2. அளவு. உரக்க வாசிக்கும் இடத்திலும் மீட்டர் உச்சிக்கு 12 டெசிபல் கீழேயே நிற்கும்படி கெயினை (இன்புட்டின் ஒலி அளவை) வையுங்கள். இப்போது சன்னமாகத் தோன்றும். வேறு வேறு வரிகள் இரண்டு சம அளவில் சேர்ந்தால் மொத்தம் சுமார் 3 டெசிபல் ஏறும். ஒரே ஒலியின் இரண்டு நகல் ஒரே நேரத்தில் ஒலித்தால் 6 ஏறும். நான்காவது லேயரில் உடைந்து கரகரப்பதற்கான காரணம் பெரும்பாலும் முதல் லேயரின் கெயினில்தான் இருக்கும்.

3. மூல லூப். ரெக்கார்ட் பொத்தானை முதல் அடியில் அழுத்த முயலாதீர்கள். முந்தைய பாரின் மூன்றாவது அல்லது நான்காவது அடியில் அழுத்திவிட்டால் கருவி காத்திருந்து, பார் தொடங்கும்போது தானாகப் பதியத் தொடங்கும். இன்னொன்று: பதிவு தொடங்கும் முன்பிருந்தே வாசித்துக்கொண்டிருங்கள். மௌனத்திலிருந்து தொடங்கினால் முதல் அடி வெறுமையாகவும், கடைசி அடியின் ரீங்காரம் வெட்டுப்பட்டும் இருக்கும். சுற்றும்போது அந்த ஒட்டு காதில் இடறும். முன்பிருந்தே வாசித்தால் தொடக்கத்தில் ஒரு மிச்ச ஒலி இருக்கும், ஒட்டு மறைந்துவிடும்.

ஒட்டில் ‘டிக்’ என்று சத்தம் வந்தால் பேடின் அட்டாக்கை (ஒலி முழு அளவுக்கு எழ எடுக்கும் நேரத்தை) 3 அல்லது 5 மில்லிவிநாடிக்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் போனால் முதல் அடியின் கூர்மை போய்விடும்.

4. நகல். முதல் பேடை இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நகலெடுங்கள். நகலெடுக்கும்போது சில கருவிகள் மூலப் பேடின் பிட்ச் அமைப்பையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும். நீங்கள் முன்பே வைத்த எண் அழிந்துபோகும். உங்கள் கருவி அப்படிப்பட்டதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். ஒலியை மட்டும் ஒதுக்கும் வழி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

5. இரண்டாவது பேடை உள்ளே விடுங்கள். லூப் தொடங்கும் இடத்தில், ஒன்றாவதோடு சேர்த்து. இதற்கு ஹை கட் ஃபில்டர் போட்டு மேல்பகுதியை மழித்துவிட்டால் பேஸ் வேலையைப் பார்த்துக்கொள்ளும். 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்த ஒலியை ஓர் ஆக்டேவ் இறக்கினால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்காது, ஆகவே இயல்பாகவே கொஞ்சம் மங்கியிருக்கும். அந்த மங்கலை எதிர்த்துப் போராடாதீர்கள், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

அந்த மங்கலும் கரகரப்பும் ஒரு காலத்தில் ஒரு பாணியாகவே ஆனவை. 1987இல் வந்த எஸ்பி-1200 சாம்ப்ளரில் மொத்தமே சுமார் 10 விநாடிதான் பதிய முடியும். 33 சுழற்சி இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதிந்து, கருவிக்குள் சுமார் 5 செமிடோன் இறக்கிக்கொண்டால் கொஞ்சம் இடம் மிச்சமாகும் என்று தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்தார்கள். இடத்துக்காகச் செய்தது, ஹிப்ஹாப்பின் அடையாள ஒலிகளில் ஒன்றாகிவிட்டது.

6. மூன்றாவது பேட், சன்னமாக. மூலத்தைவிட 6 டெசிபல் கீழே வையுங்கள், லோ கட் போடுங்கள். உயர்ந்த பிட்ச் எப்போதும் முன்னால் வந்து நிற்கும், அளவைக் குறைத்தாலும் கேட்கும். இப்போது ஒன்று, இரண்டு, மூன்று பேடுகளும் சேர்ந்து ஒரு முழுச் சுற்று முடிய 20 விநாடி ஆகும்: மூலம் இருமுறை, இறக்கியது ஒருமுறை, ஏற்றியது மூன்றுமுறை.

7. ஓவர்டப். இங்கேதான் புதியவர்கள் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. நான்காவது பேடின் பதிவு நீளம் 16 அடி அல்ல, 32 அடி. மூல லூப் 10 விநாடி என்பதால் ஓவர்டப்பும் 10 விநாடி என்று விட்டுவிட்டால், இரண்டாவது பேடின் முதல் பாதி மட்டும் பதிவாகி அதுவே திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது பேட் ஒன்றரைச் சுற்றில் வெட்டுப்படும். எல்லா லேயரும் ஒன்றாகச் சேரும் நேரம் எதுவோ அதுதான் ஓவர்டப்பின் நீளம்.

எதைப் பதிவது என்பதிலும் தேர்வு இருக்கிறது. ரீசாம்ப்ளிங் மூலத்தை ‘மொத்த அவுட்புட்’ என்று வைத்தால் மூன்று பேடும் உங்கள் நேரடி வாசிப்பும் ஒன்றாகக் கலந்து பதிவாகும். ‘இன்புட் மட்டும்’ என்று வைத்தால் புதிதாக வாசிப்பது மட்டும். முடிந்தவரை இரண்டாவதையே செய்யுங்கள் என்பேன். லேயர்கள் தனித்தனியாக இருந்தால் அளவை மாற்றலாம், ஒன்றை மட்டும் நிறுத்தலாம். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

மொத்தமாகப் பதிய வேண்டிய தருணம் ஒன்று உண்டு: கலவை முழுவதையும் ஒரே பொருளாக எடுத்து மறுபடி பிட்ச் மாற்ற நினைக்கும்போது. மூன்று லேயரும் உங்கள் வாசிப்பும் சேர்ந்து ஒரே மூச்சில் ஓர் ஆக்டேவ் கீழே விழுவது போன்ற திருப்பத்தைத் தனித்தனிப் பேடுகளால் செய்வது கடினம்.

8. கை மாற்றம். மொத்தமாகப் பதிந்திருந்தால், நான்காவது பேட் ஒலிக்கத் தொடங்கும் அதே கணத்தில் மற்ற மூன்றும் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எல்லாமே இரட்டையாகி 6 டெசிபல் எகிறும். சில மில்லிவிநாடி தள்ளி ஒலித்தால் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் கேட்கும். நான்கையும் ஒரே மியூட் குரூப்பில் போட்டுவைத்தால் ஒன்று தொடங்கும்போது மற்றவை தாமாக அணையும். ஆனால் அதே குரூப் இருந்தால் ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரே நேரத்தில் ஓட முடியாது! ஆகவே இதை சீக்வென்சரிடம் ஒப்படையுங்கள்: முதல் பேட்டர்னில் (சீக்வென்சரில் சேமித்த தட்டும் வரிசையில்) மூன்று பேடும், இரண்டாவது பேட்டர்னில் நான்காவது மட்டும். பேட்டர்ன் மாற்றம் பார் எல்லையில்தான் நடக்கும் என்பதால் விரல் கொஞ்சம் முந்தினாலும் பாதகமில்லை.

9. அடுத்த லேயருக்குப் போகும் முன் ஒரு சுற்று சும்மா இருங்கள். கேளுங்கள். இன்னொன்று வேண்டுமா என்று அப்போது முடிவு செய்யுங்கள்.

## எங்கிருந்து ஏற்றுவது, எங்கிருந்து இறக்குவது

பிட்ச் மாற்றியதை மறுபடி பதிந்து அதை மறுபடி மாற்றுவது என்று சங்கிலியாகப் போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் எதையாவது இழப்பீர்கள். ஸ்ட்ரெட்ச் போட்ட ஒலியை ரீசாம்ப்பிள் செய்து மறுபடி ஸ்ட்ரெட்ச் போட்டால் மழுங்கலின் மேல் மழுங்கல். 14 செமிடோன் மேலே வேண்டும் என்றால் 7 ஏற்றியதை மறுபடி 7 ஏற்றாமல், மூலத்தின் நகலை நேரே ஏற்றுங்கள். மூல லூப்பில் கை வைக்காதீர்கள் என்று நான் முரண்டுபிடிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரிசையும் முக்கியம். இறக்கிப் பதிந்து, பிறகு ஏற்றினால் பெரிய இழப்பு இல்லை. தாழ்ந்து வந்த ஒலி முழுவதும் பதிவுக்குள் அடங்கியிருக்கும். ஏற்றிப் பதிந்து, பிறகு இறக்கினால் மூலத்தின் மேல்பாதி திரும்பி வராது. 48 கிலோஹெர்ட்ஸ் பதிவில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இடமே இல்லை. ஓர் ஆக்டேவ் ஏற்றும்போதே 12க்கு மேலிருந்தது வெளியே தள்ளப்பட்டிருக்கும்.

இதை வைத்து ஓர் அழகான தந்திரம் செய்யலாம். கலவை முழுவதையும் 12 இறக்கி அரை வேகத்தில் ஓடவிடுங்கள். அதன்மேல் நிதானமாக ஒரு வரி வாசித்து எல்லாவற்றையும் சேர்த்து ரீசாம்ப்பிள் செய்யுங்கள். பிறகு அந்தப் புதுப் பதிவை 12 ஏற்றுங்கள். பழைய கலவை தன் சொந்த வேகத்துக்குத் திரும்பியிருக்கும். நீங்கள் வாசித்த வரி மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில், ஓர் ஆக்டேவ் மேலே, கைகளால் வாசிக்கவே முடியாத துரிதத்தில் பறக்கும். 1940களிலேயே கிட்டார் கலைஞர் லெஸ் பால் பதிவுத் தட்டின் வேகத்தை மாற்றி மாற்றி கிட்டாரில் இதைச் செய்தார். அரை வேகப் பொத்தான் உள்ள லூப் பெடல்களில் இது ஒரே மிதியில் நடக்கும். சாம்ப்ளரில் இன்னும் இரண்டு பொத்தான் கூடுதல், அவ்வளவுதான்.

பயிற்சியின்போது ஒன்றைக் கவனியுங்கள். அரை வேகத்தில் வாசிக்கும்போது ஒரு சுரத்தைக் கொஞ்சம் தாமதமாகத் தொட்டால், வேகம் திரும்பும்போது அந்தத் தாமதமும் பாதியாகச் சுருங்கும். கை சற்று முன்னே பின்னே போனாலும் மன்னிக்கும் தந்திரம் இது. எதிர்த்திசையில் செய்தால், அதாவது வேகமாக ஓடவிட்டு வாசித்துப் பின் இறக்கினால், சிறு பிசகு எல்லாம் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும்.

## மைக் வைத்திருப்பவர்களுக்கு

நேராகக் கம்பி வழியே சாம்ப்ளருக்குள் வரும் வாத்தியம் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். மைக் என்றால் மேடை மானிட்டரில் ஓடும் லூப்பும் மைக்கில் விழும், ஒவ்வொரு ஓவர்டப்பிலும் சேர்ந்து பதிவாகும். பிட்ச் மாற்றிய லேயர்களில் இது இன்னும் மோசம்: கசிந்து பதிவான மூல லூப்பும் சேர்ந்து 7 ஏறும், நீங்கள் வாசிக்காத ஒரு பேய் வரி பின்னால் கேட்கும்.

ஹெட்ஃபோனோ இன்-இயரோ போட்டுக்கொள்வதே சுத்தமான தீர்வு. முடியாவிட்டால் மானிட்டரில் மூல லூப்பை மட்டும் சன்னமாகக் கேட்கும்படி சவுண்ட் இன்ஜினியரிடம் சொல்லுங்கள். கார்டியாய்டு (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும்) மைக்கின் முதுகு மானிட்டரைப் பார்க்கட்டும். பதிவு முடிந்தவுடன் இன்புட்டை மூடிவிடும் பழக்கம் வேண்டும்.

மிக்சரின் ஆக்ஸ் (ஒலியைத் தனியாக வெளியே அனுப்பும் வழி) வழியே சாம்ப்ளருக்கு ஒலி அனுப்புகிறீர்கள் என்றால், சாம்ப்ளர் திரும்பி வரும் சேனலில் அந்த ஆக்ஸ் குமிழி பூஜ்யத்தில் இருக்கிறதா என்று சவுண்ட் செக்கின்போதே பாருங்கள். திறந்திருந்தால் சாம்ப்ளர் தன்னையே கேட்டுத் தன்னையே பதியும். சில நொடிகளில் ஊளையிடும். இந்த ஒன்றை வாயால் சொல்லிவிட்டு விடாதீர்கள், போய்க் கண்ணால் பாருங்கள்.

இன்னொருவரோடு க்ளாக் (கருவிகளை ஒரே தாளத்தில் ஓடவைக்கும் துடிப்பு) பகிர்ந்து வாசிப்பதாக இருந்தால் யாருடைய கருவி தலைமை என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மிடி க்ளாக் ஓர் அடிக்கு 24 துடிப்பு அனுப்பும், வேகத்தில் கொஞ்சம் அசைவு இருக்கவே செய்யும். ஸ்ட்ரெட்ச் இல்லாமல் தானாகச் சுற்றும் லூப் அந்த அசைவைப் பின்தொடராது. அப்படிப்பட்ட மேடையில் எல்லாப் பேடையும் சீக்வென்சரே தட்டட்டும். இல்லையென்றால் உங்கள் கருவியே தலைமை வகிக்கட்டும்.

## வெளியே வரும் வழி

லேயர் ஏற்றுவதைப் பற்றியே எல்லோரும் யோசிக்கிறோம்; இறங்குவதைப் பற்றி யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. ஆறு லேயர் சுற்றிக்கொண்டிருக்க, எப்படி முடிப்பது என்று தெரியாமல் மாஸ்டர் வால்யூமை மெல்லக் குறைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பதை நிறைய மேடைகளில் காணலாம்.

எளிதில் பலிக்கும் வழி ஒன்று: மூல லூப்பைத் தவிர எல்லாவற்றையும் ஒரு பார் எல்லையில் அணைத்துவிடுங்கள். அவ்வளவு நேரம் நெரிசலுக்குள் மறைந்திருந்த முதல் வரி மறுபடி தனியாகக் கேட்கும்போது கேட்பவர்களுக்கு அது புதிதாக இருக்கும். அதன்மேல் இரண்டு சுற்று நேரடியாக வாசித்து, அதையும் நிறுத்திவிட்டு, கையால் முடியுங்கள். இதற்கென்றே மூன்றாவது பேட்டர்ன் ஒன்றைத் தயாராக வையுங்கள், முதல் பேட் மட்டும் ஒலிக்கும்படி. நடுவில் ஏதாவது தவறாகப் பதிவாகிவிட்டாலும் தப்பிக்க இதே பேட்டர்ன்தான். மூன்றாவது பேட்டர்ன் எந்தப் பொத்தான் என்பது பார்க்காமலே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேடின் மேல் ஒரு துண்டு நிற டேப் ஒட்டிவையுங்கள். மேடை இருட்டில் திரையின் சிறு எழுத்துகள் உதவாது.

வாசித்து முடித்ததும் உடனே கருவியை அணைக்காதீர்கள். பல சாம்ப்ளர்களில் அன்று பதிந்ததெல்லாம் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும், மின்சாரம் போனால் போயிற்று. ப்ராஜெக்டை வேறு பெயரில் சேமித்துவிட்டு அணையுங்கள். வெற்று ப்ராஜெக்ட் அப்படியே இருக்கட்டும், அடுத்த நிகழ்ச்சிக்கு அது வேண்டும்.